ராட்டினத்தடியில் பெண் பார்த்தது

1996 டிசம்பர் 1, ஞாயிறு

கிருபா இன்று முடிவாகச் சொல்லிவிட்டாள். "இனிமே தட்டு தூக்கிக்கினு யார் முன்னாடியும் நிக்க மாட்டேன்பா. மூணு வூட்டுக்காரங்க வந்தாங்க, பஜ்ஜி தின்னாங்க, போனாங்க. ஒரு வார்த்தை இல்ல."

நியாயம்தான். பஜ்ஜி நான் போட்டது என்பதும் காரணமாக இருக்கலாம். என் வீட்டுக்காரி கிளி அப்படித்தான் சொல்கிறாள். (கிளியம்மாள் என்று முழுப்பெயர் எழுதினால் நான் அவள்மேல் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தம்.)

அடுத்து பெண் பார்க்க வருகிறோம் என்ற கீழ்க்கட்டளை முனிரத்தினம் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? மார்கழி பிறந்துவிட்டால் ஒரு மாதம் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது.

டிசம்பர் 3

எனக்கும் ஒரு யோசனை வந்தது. வீடு வேண்டாம், கோயிலும் வேண்டாம். நம் பக்கத்துத் தீம் பார்க்கில் இரண்டு குடும்பமும் சும்மா சுற்ற வந்த மாதிரி சந்திப்பது. முனிரத்தினம் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை, நல்ல நாள்.

கிருபா, "பஜ்ஜி இல்லன்னா வரேன். ஆனா இதான் கடைசி" என்றாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

டிசம்பர் 5

ரேடியோவில் புயல், புயல் என்கிறார்கள். ஒரு வாரமாகக் கடலிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் வேலை பார்க்கும் பெயின்ட் கடை முதலாளி பட்டாபிராமன் சார், "தள்ளிப் போடுய்யா" என்றார். எங்கே தள்ள? அடுத்த வெள்ளி அவர்கள் வீட்டில் வேறு விசேஷம். அதற்கடுத்த வெள்ளி மார்கழி. புயல் எப்படியும் ஆந்திராவுக்குப் போய்விடும், எப்போதும் அப்படித்தானே.

டிசம்பர் 7, சனி

ஆந்திராவுக்குப் போகவில்லை.

நேற்றுக் காலை தூறல்தான். பையன் சுந்தரராமன் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தலை சுத்தும்ங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். கிருபா சிரித்தாள். நல்ல சிரிப்பா, கேலிச் சிரிப்பா? கவனிப்பதற்குள் என் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

மத்தியானத்துக்குள் காற்று வலுத்து, எல்லாவற்றையும் நிறுத்தி வெளியே போகச் சொன்னார்கள். பஸ் இல்லை. கீழ்க்கட்டளை போகிற வழியெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. வாசலில் வேலூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த கூட்டம் ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு மணல் லாரிக்காரர் புண்ணியத்தில் அத்தனை பேரும் எங்கள் சேலையூர் வந்து சேர்ந்தோம். பட்டுப்புடவையோடு லாரி ஏறியவர் பையனின் அம்மா அங்காளம்மாள். பெண் பார்க்க வந்தவர்களை லாரியில் ஏற்றிய பெருமை என்னைத் தவிர யாருக்கு உண்டு?

வேலூர்க்காரர்களை எதிர்வீட்டு அயூப் பாய் தன் மரக்கடையில் தங்க வைத்தார். முனிரத்தினம் குடும்பம் எங்கள் வீட்டில்.

பிறகு சமையல்கட்டுக் கூரை ஷீட் பறந்தது. கொக்கி எதற்கு, மேலே செங்கல் வைத்தால் போதும் என்ற இன்ஜினியர் நான்தான். என் லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த முனிரத்தினம் வானத்தைப் பார்த்தார். "நல்லா காத்தோட்டமான வூடுங்க" என்றார்.

செத்துப் போகலாம் போல இருந்தது.

டிசம்பர் 8

தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூரை போனது, மரம் போனது, ஆள் போகவில்லை. அது போதும்.

கரண்ட் இல்லாததால் மோட்டாரும் இல்லை. வேலூர்க்காரர்களுக்கும் சேர்த்துத் தெருக்கோடி அடிபம்பில் தண்ணீர். சுந்தரராமன் அடித்தான், கிருபா குடம் மாற்றினாள். நான் பின்னால் வாளியோடு நின்றேன், அவர்கள் பார்க்கவில்லை.

"இன்னா சார், மூச்சு வாங்குது? ராட்டினத்துக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சேன்."

"பம்பு சுத்தாதுங்க. அதனால பயமில்ல."

"அப்ப ஒழுங்கா அடிங்க. பாய் கடையில கொழந்தைங்க அழுவுது."

நான் வெறும் வாளியோடு திரும்பிவிட்டேன். ஏன் என்று கிளி கேட்டாள். க்யூ என்றேன்.

சாயந்திரம் கீழ்க்கட்டளைக்கு வழி திறந்ததும் கிளம்பிவிட்டார்கள். "வரோம்" என்றார்கள். சம்பந்தத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

டிசம்பர் 10

கரண்ட் இல்லை. பதிலும் இல்லை.

டிசம்பர் 13

கரண்ட் வந்துவிட்டது.

"உங்க கடை போன் வேலை செய்யுதாப்பா?" என்று கிருபா கேட்டாள். நேற்றும் கேட்டாள். ஏம்மா என்றால், சும்மாவாம். மூன்று வீட்டார் வந்து போனபோது இந்தப் பெண் ஒருநாளும் போனைப் பற்றிக் கேட்டதில்லை. ஓட்டை வீட்டைப் பார்த்து ஓடிவிட்டார்களோ? கொக்கி போட்டிருக்கலாமேடா குப்புராஜு.

டிசம்பர் 15, ஞாயிறு

நாளை மார்கழி. பத்து மணி வரை வாசலைப் பார்த்துவிட்டு, போதும் என்று முகத்துக்குச் சோப்புப் போட்டேன். அப்போது வந்தார்கள், மூன்று பேரும். கண்ணெரிச்சலோடு வரவேற்றேன்.

"எங்க தெருவுல இன்னும் தண்ணி வடியலண்ணா, அதான் லேட்டு" என்றார் அங்காளம்மாள். "எங்களுக்கு சம்மதம். நீங்க சொல்லாதீங்க, பொண்ணு சொல்லட்டும்."

கிருபா துவைத்துக்கொண்டிருந்தவள், ஈரக்கையோடு அப்படியே வந்து அங்காளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சம்மதம்தான். ஆனா வேலைக்குப் போவேன்."

"போங்க" என்றான் சுந்தரராமன். "நான் மட்டும் வூட்லயா உட்காரப் போறேன்."

எனக்குக் கண் மறுபடியும் எரிந்தது. சோப்பு என்று சொன்னேன்.

கிளம்பும்போது, பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கிருபா கேம்ப் ரோடு ஸ்டாப்புக்குக் கூடவே போனாள். பெரியவர்கள் இருவர் மட்டும் ஏறிப் போனதை அயூப் பாய் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனை பஸ் போயிருக்கும். "இன்னும் காணோம், போய்ப் பாருங்க" என்றாள் கிளி. செருப்பை மாட்டினேன். வாசல் வரை போனேன்.

கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.