நீ உதைத்ததாக நான் எழுதியது

அன்புள்ள க்ராசிமிர்,

சர்வதேச நடுவர் பேட்ஜை நேற்று சட்டையிலிருந்து பிரித்துவிட்டேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "லிஸ்பன் வரைக்கும் போய் ஓடுனியே, பக்கத்துத் தெருவுல இருக்கிற அவன் வீட்டுக்குப் போகக் கால் வரலையா?" என்கிறாள் என் மனைவி ராலிட்சா. அதனால்தான் இந்தக் கடிதம்.

கப்ரோவோ திடலில் அன்று கோல்கீப்பர் பந்தை அமுக்கிவிட்டார் என்று அவசரப்பட்டு விசில் ஊதிவிட்டேன். பந்து நழுவியது, நீ வலைக்குள் அடித்தாய். விசிலுக்குப் பிறகு கோல் கிடையாது, அது விதி. அதோடு விட்டிருக்கலாம். அவசரக்காரனுக்கு யார் பேட்ஜ் கொடுப்பார்கள்? நீ கோல்கீப்பரை உதைத்ததாகவும் அதற்காகவே விசில் ஊதியதாகவும் அறிக்கையில் எழுதினேன். உன்னை ஆறு ஆட்டங்களுக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டு எனக்கு பேட்ஜ் வந்தது.

தண்டனைக் கடிதத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "டேய், நான் உதைச்சேனா? நீ சொல்லு, நம்புறேன்."

"உதைச்சேடா."

பதினெட்டு வருடங்களாக நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று ராலிட்சா சொன்னாள்.

நீ உதைக்கவில்லை. கால்பந்துச் சங்கத்துக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

ஞாயிறு மதியம் ஒரு பாட்டில் ராக்கியாவோடு வந்து கதவைத் தட்டுவேன். திறக்காவிட்டால் அது உன் தீர்ப்பு. வாதாட மாட்டேன்.

இப்படிக்கு,
அன்று அவசரப்பட்டு ஊதியவன்