சோடா கால் தூக்கும் இடங்கள்

ஜூலை 19, வியாழன்

விடியும்போது தூறல். ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். இன்று மட்டும் மூன்றாவது தடவை சாணம் கரைத்து மெழுகியாயிற்று. சோப்பு போட்டும் கை நாறுகிறது.

எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு. பின்னால் நிறையப் பக்கம் மிச்சம். அம்மா அரிசி மில் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். ஒன்றரை வருஷமாகக் கணக்குக்கு வேலை இல்லை.

எழுதக் காரணம் சோடா. ஆண் நாய்க்குட்டி, ஏழு மாசம் இருக்கும். கடைக்காரர் தூக்கிப்போடச் சொன்ன சோடாப் பெட்டிக்குள் கிடந்தானாம். நைனா பாக்டரியிலிருந்து வரும் வழியில் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். பழக்கியது நான். தின்றதும் ஒரு தடவை, தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, தெருமுனைப் புங்கமரத்துக்குத் தூக்கிப் போவேன். அவன் ஒன்றுக்கு இருந்து முடிக்கும்வரை நிற்பேன். முடித்ததும் பொரி நாலு. ஒரு மாசத்தில் பழகிவிட்டான். அதற்கப்புறம் வீட்டுக்குள் ஒரு சொட்டு கிடையாது.

போன வாரம் காலைத் தூக்க ஆரம்பித்தான். அதோடு எல்லாம் போயிற்று.

இன்று வாசல் நிலையில். வலது பக்கம். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த இடத்துக்கு ஒரு சாண் கீழே.

அது எங்கள் வாசல் இல்லை. வீட்டுக்கார அத்தை முன்பக்கம், நாங்கள் பின்பக்கம். தெருவுக்குப் போக எல்லோருக்கும் அந்த ஒரு வாசல்தான்.

"ஏண்டி கலா, என் வாசக்காலு இன்னா உங்க நாய்க்கு கக்கூசா?"

தலையைக் குனிந்துகொண்டு துணியை எடுத்தேன். வழக்கம்போல.

சாயங்காலம் அம்மாவிடம் கெடு சொல்லிவிட்டார். "வர ஞாயிறு உட்டு அடுத்த ஞாயித்துக்கிழம என் ஊட்ல ஆத்தாளுக்கு கூழு ஊத்தறேன். தெருவே வரும். இன்னொரு வாட்டி இங்க கால தூக்கிச்சு, ஒண்ணு நாயி போவணும், இல்ல நீங்க போவணும்."

ஜூலை 20, வெள்ளி

ஆடி வெள்ளி. தெரு முழுக்க வேப்பிலை.

நைனா: "கோபாலு லாரி கூழு ஊத்தற ஞாயிறு ஒம்போது மணிக்கு நெல்லூரு போவுது. ஏத்தி உட்டுடறேன். எங்கனா தின்னு பொழச்சுக்கும்."

அம்மா: "இன்னிக்கே உட்டா இன்னா? பேஜாரு புடிச்ச நாயி."

காலையில் நைனாவின் சைக்கிள் சக்கரத்தில் அடித்தான். நைனா கழுத்தைப் பிடித்து மூக்கை அதில் தேய்த்தார். செருப்பால் நாலு. சோடா கட்டிலுக்கடியில் போய்ப் பயத்தில் குளமாகப் போய்விட்டான். அந்த இரண்டும் வேறு வேறு என்று அப்போதுதான் தோன்றியது. கட்டிலடியில் போனது ஒரு செம்பு. சக்கரத்தில் ஒரு ஸ்பூன். அதுவும் புங்கமரத்தடியில் எல்லாம் முடித்துவிட்டு வந்த கையோடு.

அவசரத்துக்குப் போகிறவன் ஒரு ஸ்பூனோடு நிறுத்துவானா?

கால் தூக்கும் இடங்கள்:
1. வாசல் நிலை, வலது பக்கம்
2. நைனா சைக்கிள், பின்சக்கரம்
3. அடுப்பங்கரை மூலை
4. அரிசி டின்
5. துவைக்கிற கல்

ஜூலை 22, ஞாயிறு

வெயில். நைனாவுக்கு லீவு, பகல் முழுக்கத் தூக்கம்.

நேற்று சாணி தீர்ந்துவிட்டது. அடுப்பங்கரை மூலையை மட்டும் வெந்நீரும் துணி சோப்பும் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். அம்மாவுக்குத் தெரியாது.

இன்று பகல் வரை அந்த மூலைப் பக்கம் நாலு தடவை போனான். மோந்தான். வந்துவிட்டான். அரிசி டின்னில் மட்டும் இரண்டு தடவை.

மூன்று மணிக்கு அம்மா பார்த்துவிட்டாள். "நாய் மூத்தரம் உட்ட எடத்த சோப்பு போட்டு கழுவுனா தீட்டு போவுமா? உன்ன எவன் கட்டிக்குவான்?" புதுச் சாணி வாங்கிவந்து அவளே மெழுகினாள்.

ஈரம் காய்வதற்குள் சோடா வந்தான். மோந்தான். கால்.

ரொம்ப நேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சுத்தம் என்று செய்வது அவன் மூக்குக்கு, ஒரு மாடு உள்ளே வந்து போயிருக்கிறது என்று சொல்கிறது. மாட்டுக்கு மேலே தன் பெயரை எழுதிவிட்டுப் போகிறான். நாங்கள் திரும்பவும் மாட்டை வரவழைக்கிறோம். அவன் திரும்பவும் எழுதுகிறான். சைக்கிள் சக்கரமும் அப்படித்தான், நைனா போகிற வழியில் மணவாள நகர் நாய் அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஜூலை 23, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள். "நாயி உன்கிட்ட வந்து சொல்லிச்சா?" பிறகு, "இன்னமோ செய்யி. எனக்கு இடுப்பு உட்டுப்போச்சு."

அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மூலை, டின், கல். மூன்றுக்கும் வெந்நீர், சோப்பு, திரும்ப வெந்நீர், வெயில். சைக்கிளை நைனா வந்ததும் தெருவிலேயே வைத்துக் கழுவினேன். "கல்யாண மாப்ளைக்குக்கூட இவ்ளோ குளிப்பாட்ட மாட்டாங்க" என்றார் நைனா.

பால் திரிந்துவிட்டது. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

ஜூலை 24, செவ்வாய்

எங்கள் பக்கம் ஒரு சொட்டு இல்லை. காலை முதல் இருட்டும்வரை.

வாசல் நிலையில் இரண்டு தடவை. வீட்டுக்கார அத்தை (இனிமேல் வீ.அ.) பார்க்கும் முன் பாவாடையால் துடைத்தேன். துடைத்தால் போதாது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பால்காரர் மாட்டை வாசலிலேயே நிறுத்திக் கறக்கிறார். வீ.அ. செம்போடு நின்று கோமியம் பிடிக்கிறார். நாய் அசுத்தம் பண்ணிய வீடு என்று போன வாரத்திலிருந்து தினமும் நிலையில் தெளிக்கிறார். வலது பக்கம் கூடுதலாக.

அவரிடம் சொல்லவேண்டும். ஆடி மாசத்தில், கோமியம் தெளிக்காதீர்கள் என்று. நான்.

முறத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

"இன்னாடி?"

"அத்தே... தீப்பெட்டி இருக்குதா?"

தீப்பெட்டியோடு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.

ஜூலை 26, வியாழன்

மேகமூட்டம். நேற்று எழுதவில்லை, காய்ச்சல் மாதிரி இருந்தது.

வீ.அ.வுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கூழுக்குக் கேழ்வரகு புடைத்ததில். இடது கையால் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து தானாக வந்தது: "அத்தே, ஞாயித்துக்கிழம வரைக்கும் நான் வாசலு கழுவி கோலம் போடறேன்."

"அடியாத்தே! பேசறியே நீ! செய்யி செய்யி." கோமியச் செம்பையும் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

செம்பைப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். நிலைக்கு வெந்நீர், சோப்பு, வெந்நீர். கடைசியில் மஞ்சள், குங்குமம். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

சோடா வந்தான். வலது பக்கம் மோந்தான். தும்மினான். தெருவுக்குப் போய்விட்டான்.

இன்று முழுக்க அப்படியே. சந்தோஷப்படலாம் என்றால் அந்தச் செம்பு ஞாபகம் வருகிறது. அம்மனுக்குத் தெரிந்திருக்குமே.

ஜூலை 27, வெள்ளி

இரண்டாவது ஆடி வெள்ளி. வீ.அ. பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஏமாற்ற வழி இல்லை. தெளித்தேன்.

அதனால் காலை முழுக்கச் சோடாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். நாலு தடவை. கனக்கிறான், காலை உதைக்கிறான்.

எதிர்வீட்டில் சத்தமாக: "பாருடி, கலா இடுப்புல கொயந்த!" எல்லோரும் சிரிப்பு. காது சுட்டது.

மத்தியானம் வீ.அ. தூங்கும்போது நிலையைக் கழுவினேன். சாயங்காலம் சோடா மோந்துவிட்டுப் போனான்.

ஜூலை 28, சனி

கெட்ட நாள்.

காலையில் எல்லாம் நன்றாகவே போயிற்று. செம்பு சாக்கடைக்கு, வெந்நீர் நிலைக்கு. பத்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வீ.அ. எல்லோரிடமும் சொல்கிறார்: "ரெண்டு நாளா அந்த நாயி என் வாசக்காலு பக்கம் தலவெச்சு படுக்கல. கோமியத்தோட மகிமைமா! நான் சொன்னா யாரு கேக்கறீங்க?"

பிறகு பால்காரரிடம்: "நாளைக்கு ஒரு கொடம் வோணும். விடிகாலையில நானே ஊடு பூரா தெளிக்கறேன். நட, வாசலு, கூழு வெக்கற எடம், எல்லாம்."

ஒரு குடம்.

நாளை தெருவே வரும். சோடா எங்கே திரும்பினாலும் மாடு. நான் செய்த ஏமாற்றே அவனை லாரியில் ஏற்றும்.

கட்டிப்போட்டால்? நாளைக்குச் சரி. திங்கள், செவ்வாய்? வீ.அ. இனிமேல் தெளிப்பதை நிறுத்தமாட்டார்.

வீ.அ.விடம் சொல்ல இரண்டு தடவை நடையில் பாதி வரை போய்த் திரும்பினேன். நைனா பாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார், லாரிக்கு. சோடா அந்தக் கயிற்றைக் கடித்து விளையாடுகிறான்.

மணி ஐந்தரை. இப்போது போகிறேன். தீப்பெட்டி கேட்கக்கூடாது.

ஜூலை 29, ஞாயிறு

காலை ஏழு. தூறல் நின்றுவிட்டது.

நேற்று சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும். மூலை, சாணி, செம்பு, சாக்கடை. வீ.அ. கேழ்வரகு மாவில் கையை வைத்தபடி கேட்டார்.

"சாக்கடையில ஊத்துனியா?"

"ம்."

"மூணு நாளும்?"

"ரெண்டு நாளு. வெள்ளிக்கிழம தெளிச்சேன் அத்தே. அன்னிக்கு அவன தூக்கிக்கினு போனேன்."

"ஆடி மாசத்துல என் வாசல்ல நின்னுகினு என்னியே ஏமாத்தினியா? ஊமச்சி மாதிரி இருந்துகினு?"

அழுதுவிட்டேன். போ என்றார். அம்மாவிடம் சொல்வார், இன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

இன்று விடிந்தும் விடியாமலும் கூப்பிட்டார். "கலா. உன் நாய இட்டுகினு வா. கயிறு வோணாம்."

வாசலில் அவர் மட்டும். கோமியக் குடம் பக்கத்தில். நிலையின் இடது பக்கம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம், அவன் வழக்கமாகப் போகிற பக்கம், நான் நேற்றுக் கழுவினபடியே காய்ந்திருந்தது.

"இந்தப் பக்கம் தெளிச்சிருக்கறேன். அந்தப் பக்கம் உன்னுது. உடு."

புரிந்துவிட்டது. அவன் சும்மா போனால் நான் பொய்க்காரி. கால் தூக்கினால் நான் சொன்னது நிஜம், ஆனால் கெடுவும் தவறிப்போகும், ஒன்பது மணிக்கு லாரி. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

விட்டேன்.

சோடா வலது பக்கம் போனான். மோந்தான். விட்டுவிட்டான். கோலத்தை மிதித்துக்கொண்டு இடது பக்கம் போனான். அதுவரை ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. ரொம்ப நேரம் மோந்தான். வாலை நிமிர்த்தினான்.

தூக்கினான்.

கூழ் ஊற்றுகிற நாளில். மஞ்சள் மேலேயே.

வீ.அ. அசையவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னமோ சத்தம். திறந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். தோள் குலுங்குகிறது.

"அடப்பாவி. அளந்து வெச்சா மாதிரி அடிக்கறானே!"

பிறகு முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டார். குடத்தைத் தூக்கிக் கொல்லைத் துளசிக்கு எடுத்துப்போனார். போகிறபோது திரும்பாமலே: "நின்னுகினு இருக்கறியே. வெந்நி வையி. நீ கழுவற மாதிரியே கழுவு, சோப்பு போட்டு. ஆளுங்க வரதுக்குள்ள."

"அத்தே, லாரி..."

"உங்க நைனாகிட்ட நான் சொல்லிக்கறேன். லாரிக்காரன்கிட்ட நீயே போய் வோணாம்னு சொல்லு. என்கிட்ட பொய்யி சொல்ல வாய் வந்திச்சில்ல?"

அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. சோடா காலடியில். முனையில் ஹாரன், இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டான் கோபால். நைனா கயிற்றைத் தேடுகிறார். நான் போய்ச் சொல்லவேண்டும்