அறுத்தெடுத்த மோதிரம்

இயேசு மரி சூசை துணை

மொன்றியல், கனடா,
14.06.1986

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையால் இருக்கிறேன். நலமாக இருக்கிறேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதினேன். இனி அப்படி எழுதக் களைப்பாக இருக்கிறது. நீங்களும் மாமியும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பக்கம் பக்கமாக எழுதுகிறவர் இந்த முறை நாலே வரி எழுதியிருந்தீர்கள். விரலில் மோதிரம் இல்லையாமே, கரண்டியால் சாப்பிடுகிறாயாமே, எழுத்துகூட உன் எழுத்து மாதிரி இல்லையே, நான் மட்டக்களப்பை விட்டு உன்னிடம் புறப்படுவதா இல்லையா என்று கேட்டிருந்தீர்கள்.

சீனித்தம்பி அண்ணைதான் எழுதியிருப்பார். உயிர்த்த ஞாயிறு விருந்துக்கு அவரும் இங்கே இருக்கிற நம் ஊராட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட, நான் மட்டும் கரண்டி எடுத்தேன். வெள்ளைக்காரியாகிவிட்டாள் என்று சிரித்தார்கள். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்ததால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, கண்டதைத்தான் எழுதினார். கோபம் உங்கள்மேல்தான். இவ்வளவு காலம் என்னைத் தெரிந்தவர் நீங்கள்.

சரி, கேளுங்கள். சோற்றைப் பிசைய விரல்கள் மடங்கவில்லை. காலையில் எழும்பினால் இரண்டு கையும் மரக்கட்டைபோல இருக்கும். சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டே இருந்தால்தான் கொஞ்சம் இளகும். மூட்டுகள் வீங்கிச் சூடாக இருக்கும். இந்த நாட்டுக் குளிரும், டவுன்டவுனில் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலையும்தான் காரணம் என்று நினைத்து, நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசிப் பூசியே குளிர்காலம் முழுவதையும் வீணாக்கினேன்.

என்னோடு அறையில் இருக்கிற யோசெப்பின், திருகோணமலைப் பிள்ளை, கொஞ்சம் பிரெஞ்சு கதைப்பாள். அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்: "இது குளிர் செய்யிற வேலை இல்லை அக்கா. மூட்டுக்கு உள்ளுக்கு இருக்கிற சவ்வுதான் உங்களைத் தின்னுது."

முட்டை ஓட்டுக்குள் மெல்லிய தோல் இருக்குமே, அதுபோல ஒவ்வொரு மூட்டுக்கும் உள்ளே ஒரு சவ்வு இருக்கிறதாம். அதிலுள்ள சின்னஞ்சிறு உயிரணுக்கள்தான் வழுவழுப்பான நீரைச் சுரந்து மூட்டை இலகுவாக அசைய வைக்கின்றனவாம். எனக்கு அவை அளவில்லாமல் பெருகி, சவ்வைத் தடிக்கச் செய்து, எலும்பு நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பின்மேல் ஏறிவிட்டன. ஏதோ சாறு விட்டு அதை அரிக்கின்றனவாம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஏன் இப்படித் தொடங்கியது என்று கேட்டேன். அது தங்களுக்கும் சரியாகத் தெரியாது என்று டாக்டர் சொன்னார்.

நீங்கள் போட்டுவிட்ட மோதிரம் அன்றைக்குத்தான் போனது. விரல் நீலமாகிவிட்டது. சவர்க்கார நுரை போட்டும் கழலவில்லை. தாதி பல்லு வைத்த ஒரு சின்ன வாளால் மோதிரத்தை அறுத்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். வலியால்தான் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று தலையாட்டினேன். அறுத்த மோதிரம் செபமாலைப் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த நோய்க்கு மருந்தும் தங்கம் கலந்த ஊசிதானாம். தங்கத்தை விரலிலிருந்து அறுத்தெடுத்துவிட்டு ஊசியால் உள்ளே ஏற்றுகிறார்கள். யோசெப்பினும் நானும் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

நோய் முழுவதும் மாறாது என்கிறார்கள். கொஞ்சம் அடங்கலாம். முதலாளி நல்ல மனிதர், இப்போது கரண்டி துடைக்கிற வேலை தந்திருக்கிறார்.

உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நோய்க்காரியிடம் எதற்குப் போகிறாய் என்று மாமி கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். நீங்களும் அப்படி நினைத்துவிடுவீர்களோ என்று அதைவிடப் பயந்தேன்.

இந்தக் கோணல் எழுத்து என்னுடையதுதான். வேறு யாரும் எழுதித் தரவில்லை. நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். யோசெப்பின் தான் எழுதித் தருவதாகச் சொன்னாள், நான் விடவில்லை.

அங்கே நிலைமை சரியில்லை என்று கேள்விப்படுகிறேன். கவனமாக இருங்கள். பயணத்துக்கு எல்லாம் சரிவந்தால் தாமதிக்க வேண்டாம். ஆயித்தியமலை மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

விமான நிலையத்தில் என்னைக் கண்டவுடன் முன்புபோலக் கையை இறுக்கிப் பிடித்துவிடாதீர்கள், தாங்க மாட்டேன். மெதுவாகப் பிடியுங்கள். ஆனால் பிடியுங்கள்.

உங்கள்
றோஸ்மேரி