ஒத்துக்காரனும் எகிப்துக் குழலும்

அன்புத் தம்பி புனிதனுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாயனத்தின் வாயில் செருகும் சீவாளி ஒன்றை விழுங்கிவிட்டேன்.

நீ லண்டனிலிருந்து அனுப்பிய வீடியோவில் அந்த எகிப்துக் குழலின் நாக்கை முழுசாக வாய்க்குள் வைத்து ஊதினாயே, அதைப் பார்த்துத்தான். தண்ணீர்க் குழாயை அறுத்துத் துளையிட்டு, சீவாளியைச் செருகி வாய்க்குள் விட்டேன். மூச்சை இழுத்தேன், போய்விட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து வாழைப்பழம் தின்னச் சொன்னார். உன் அண்ணி விமலா, "இனி இவரு ஏப்பம் விட்டாலும் மோகனம்தான் வரும்லா" என்று தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் அத்தனையிலும் சொல்லியாயிற்று.

எனக்கு எரியாதா? ராகம் ஊதுகிறவன் நான். பக்கத்தில் நின்று ஒரே சுருதியை விடாமல் ஊதும் ஒத்துக்காரன் நீ. இங்கே லோபாக்கில் நாம் வாசித்த கல்யாணத்துக்கு வந்த வனேசா, அந்த லண்டன் அருங்காட்சியகத்துக்காரி, என் தோடியை விட்டுவிட்டு, காற்றை அடக்கி விடாமல் ஊதும் உன் கன்னத்தையே பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய எகிப்துக் குழலைத் தொடக்கூடாதாம். அதே அளவில் மரத்தில் கடைந்த நகலை ஊத, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காத ஆள் வேண்டுமாம். ஆயிரக்கணக்கான வருஷம் வாய் திறக்காத குழலுக்கு என் தோடி எதற்கு?

கோயில் தலைவர் தேவன் பார்க்கிற இடமெல்லாம், "என்னாண்ணே, ஒத்துக்காரன் பிளேன்ல, நீங்க இன்னும் மோட்டர் சைக்கிள்லயா?" என்கிறார். போட்டோவில் நீ போட்டிருக்கும் கோட்டு யாருடையது?

உன் இடத்தில் சுருதிப் பெட்டி வைத்தேன். நான் தடம் மாறினால் முழங்கையால் இடிக்க அதற்குத் தெரியவில்லை. பாரோய் ஊர்க் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பேட்டரி செத்தது. நான் சுருதி விலகித் தனியாக எங்கேயோ போய்விட்டேன். ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களாமே? அந்தக் குளிரில் என்னடா இருக்கிறது? திருவிழாவுக்கு வந்துவிடு. இந்த முறை எனக்குப் போடும் மாலையை உனக்கே போடச் சொல்கிறேன். சின்ன மாலைதான்.

மாரியாத்தா உன் நெஞ்சில் சளி கட்டாமல் காக்கட்டும்.

வயிறெரிந்தபடி,
அண்ணன் ஆறுமுகம்

பி.கு.: முந்தாநாள் வனேசா போன் செய்தாள். குழுத் தலைவர் நான்தானே, அந்த இரண்டு வருஷத்துக்கு உன்னை விட்டுத்தர முடியுமா என்று கேட்டாள். வைத்துக்கொள்ளம்மா, அவன் மூச்சு வேறு யாருக்கும் வராது என்று சொல்லிவிட்டேன்.