கிருமிகளைத் திறந்துவிடு

நண்பா,

மூன்று செய்திகள்: 1. எனக்கு வேண்டியது. 2. நீ பயப்பட வேண்டாதது. 3. நோயாளி எனக்கு உறவில்லை என்பது.

வெட்டை என்ற பால்வினை நோயின் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. கொடுத்த எந்த மருந்துக்கும் அசையவில்லை. அதன் மரபணு வரிசை மட்டும் என் கையில் இருக்கிறது. எந்த வரிசைக்கு எந்த மருந்து கேட்கும் என்று நீ சேர்த்துப் பூட்டி வைத்திருக்கும் தரவுகளை எனக்குத் திறந்துவிடு.

உன் நோயாளிகளின் பெயர்கள் வேண்டாம். கிருமிகளின் விவரம் போதும். நம் ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்றுதானே பிரிந்தோம்? என் பெயரை அடியோடு எடுத்துவிடு.

இதை எழுதலாமா, தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறாள்: "அப்பா, மாமாகிட்ட யாருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

மூன்றாவதாக எழுதியது தவறு.

உன் பழைய கூட்டாளி