துரையின் ஈட்டியைத் துடைத்தவர்

அப்பா,

இன்று காலை பள்ளிக்கூட மேசைகளுக்கு ஆசாரி லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெய் பூசினார். அந்த வாசனை வந்ததும் பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல் வேலை முடிந்து நீங்கள் நம் லயத்து வீட்டுக்கு வரும்போது உங்கள் கையில் இருந்த வாசனை அது.

துரையின் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கிய ஈட்டிக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போடுவீர்கள். துரை இளவயதில் ஈட்டிக் குதிரைப்படையில் இருந்தவர். விருந்தாளிகளுக்கு அவர் சொல்லும் கதைகளை, சூப் பரிமாறிக்கொண்டே கேட்டு வந்து எங்களுக்குச் சொல்வீர்கள்.

"மொதல்ல போலந்துக்காரன்தான் ஈட்டியோட குதிரை ஏறுனான். பிரெஞ்சுக்காரன் அவனைக் கூட்டியாந்து இங்கிலீசுக்காரனைக் குத்த வச்சான். சண்டையில ஜெயிச்சது என்னமோ இங்கிலீசுக்காரன்தான். ஆனா குத்துனது மறக்குமா? அவனும் ஈட்டி செஞ்சுக்கிட்டான். ஈட்டி நுனியில கட்டுற கொடிகூட அதே செவப்பு வெள்ளை."

"அம்புட்டுப் பெரிய ஈட்டி ஏன் இப்ப செவுத்துல தொங்குது?" என்பாள் அம்மா.

"மெசின் துப்பாக்கி வந்துருச்சுல்ல. குதிரை கிட்ட போறதுக்குள்ள சுட்டுருவான்."

இலங்கை சுதந்திரம் அடைந்தபின், தோட்டத் தமிழர்கள் எல்லோரும் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டி வந்தது. நீங்கள் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், வேறெங்கும் போகாதவர் என்று ஒரு கடிதம் தேவை. துரை சீமைக்குத் திரும்ப ஒரு வாரமே இருந்தது. நீங்கள் கேட்டதும் ஒரு பக்கம் நிறைய எழுதித் தந்தார். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான்தான் வாசித்தேன். முக்கால்வாசி அவருடைய குதிரைப்படையின் வரலாறு. ஈட்டியின் மூங்கில் இந்தியாவிலிருந்து போனது என்பதுகூட இருந்தது. இப்படி ஈட்டியைப் பேணும் நேர்மையான சமையற்காரன் இலங்கையிலேயே இல்லை என்று முடித்திருந்தார். வேறு வேலை தேடுகிறீர்கள் என்று நினைத்து நற்சான்று எழுதியிருக்கிறார். அதில் உங்கள் பெயர்கூட இல்லை.

"நான் இங்க பொறந்தத எழுதியிருக்காராம்மா?"

"எல்லாம் இருக்குப்பா."

உங்கள் ஆங்கிலம் கதை கேட்கப் போதும், இதைப் பேசி விளக்கப் போதாது. நான்தான் போய்ச் சொல்லித் திருத்தி வாங்கியிருக்க வேண்டும். படித்தவள் பங்களாவின் பின்வாசலில் கைகட்டி நிற்பதா என்று கூசினேன். அந்த ஒரு வாரமும் போனது. துரையும் போனார்.

மாத்தளைக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் கடிதத்தை இரண்டு முறை புரட்டினார்.

"இதுல குதிரை இருக்கு, ஈட்டி இருக்கு. நீ எங்கப்பா இருக்க?"

"அதைத் தொடச்சவன் நாந்தாங்க."

அறையே சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

மனு தள்ளுபடியானது. "அந்தாளுக்கு இங்கிலீசு சரியா வாசிக்கத் தெரியலம்மா" என்றீர்கள் பஸ்ஸில். கண்மூடும் வரை அதையே நம்பினீர்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லாத அது என்னோடுதான் கிடக்கிறது. கடலைத் தாண்டியும் வரும்.

குடியுரிமை இல்லாத நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள்; எனக்கும் போகும் பத்திரம் வந்துவிட்டது, அப்பா. அங்கே நான் அறிந்தவர் ஒருவரும் இல்லை. போன வாரம் அதற்காக நிரப்பிய படிவத்தில், தகப்பனார் பிறந்த இடம் எது என்று கேட்டிருந்தார்கள். தோட்டத்தின் பெயரை எழுதி, மாத்தளை என்றும் எழுதினேன். குமாஸ்தா ஒருமுறை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.