சம்மணம் போட்டு வாங்கிய டைட்ஸ்

எடின்பரோ

அன்பு மச்சானுக்கு ஸலாம். உங்கள் இருமல் நின்றதா? மாமியின் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

குளிரில் ஓட, காலோடு ஒட்டிக்கொள்ளும் டைட்ஸ் ஒருவழியாக வாங்கிவிட்டேன். செங்கல்பட்டுக் கடையில் நீங்கள் பேண்ட் எடுக்கும்போது செய்வதைப்போல, போட்டுப் பார்க்கும் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கதவுக்கு அடியில் என்னைப் பார்த்த கடைப்பெண், நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து அலறிவிட்டாள். "ஒண்ணுமில்லமா, இடுப்பு புடிக்குதானு பாத்துகினு கீறேன்" என்றேன், பதற்றத்தில் தமிழிலேயே. வாய்விட்டுத் தமிழ் பேசி எத்தனை நாளாயிற்று!

உள்பக்கம் மெத்தென்று கதகதப்பாக இருக்கிறது, இடுப்பும் பிடிக்கவில்லை. உங்களுக்கும் ஒன்று எடுத்தேன். விசா வந்து நீங்கள் இங்கே வரும்வரை மாமல்லபுரம் கடற்கரையில் ஓட்டத்தை விடாதீர்கள். தொப்பை போட்டால் ஏறாது. திருப்பிக் கொடுக்க முடியாதபடி பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் ஷாஹிதா